பிளேயரில் சார்ஜ் ஏறுகிறது, டெபியனில் தெரியவில்லை: குற்றம் யார் மேல்?

வியாசை வண்டி:
அப்பா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். உள்ளே போய்விட்டால் நாள்கணக்கில் கரை கிடையாது. போனில் சிக்னல் இருக்காது, ஈரக்கையில் டச் ஸ்கிரீனும் வேலை செய்யாது. அதனால் பொத்தான் வைத்த பழைய எம்பி3 பிளேயர்தான் அவருக்கு எல்லாம். என்னிடம் இருப்பது 2 ஜிபி ரேம் லேப்டாப், டெபியன் என்ற லினக்ஸும், எல்எக்ஸ்டிஈ என்ற இலகுவான டெஸ்க்டாப்பும் போட்டிருக்கிறேன். பிளேயரைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, ஃபைல் மேனேஜரில் ஒன்றும் வரவில்லை. அதே கேபிளில் நண்பனின் விண்டோஸ் உடனே திறக்கிறது. படகு கிளம்பும் முன் கானா பாட்டெல்லாம் ஏற்றியாக வேண்டும். உதவுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:
தம்பி, பதிலை நீயே எழுதிவிட்டாய். விண்டோஸ் திறக்கிறது என்றால் பிளேயரில் குறை இல்லை. வண்ணாரப்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "லினக்ஸ் போட்டேன், பிரிண்டர் வரல" என்று வருகிறவர்கள் ஏராளம். செருகினால் தெரியணும், அவ்வளவுதான். டெர்மினலைத் திறந்து மந்திரம் ஓதச் சொல்கிற சிஸ்டம் சாதாரண ஜனங்களுக்கு ஆகாது.

பெரம்பூர் டெர்மினல்:
கேட் அண்ணா, ரயில் வருவதற்குள் கேட்டைச் சாத்திவிட்டீர்களே. "தெரியவில்லை" என்பதில் பல வகை உண்டு.

தம்பி, செருகிய கையோடு, சிஸ்டத்தின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையைப் போட்டுக் கடைசி வரிகளைப் பார். புதிதாக ஒரு வரிகூட வரவில்லையென்றால் பெரும்பாலும் கேபிள்தான். சாதாரண யூஎஸ்பி கேபிளில் நாலு கம்பி: சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. மலிவு சார்ஜிங் கேபிள் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. உனக்குத்தான் விண்டோஸில் திறக்கிறதே, அதனால் அது இல்லை. மைனஸ் 71 என்று எரர் வந்தால் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது என்று அர்த்தம். உன் லேப்டாப்பின் வேறு போர்ட்டில் செருகிப் பார். புதிய யூஎஸ்பி சாதனம் என்று வரி வந்து, எஸ்டிபி மாதிரி டிஸ்க் பெயர் எதுவும் வராவிட்டால் அது பெரும்பாலும் எம்டிபி, அதாவது டிஸ்க்காகக் காட்டாமல் ஃபைல்களைக் கேட்டு வாங்கும் முறை.

வியாசை வண்டி:
கடைசியாகச் சொன்னதுதான் அண்ணா. புதிய சாதனம் என்று வருகிறது, யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி போட்டாலும் அதில் இருக்கிறது. டிஸ்க் பெயர் இல்லை.

பெரம்பூர் டெர்மினல்:
அப்படியென்றால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் வேலையை முடித்துவிட்டது. பென் டிரைவ் முறை என்பது குடோன் சாவியை நம்மிடமே கொடுத்துவிடுவது. எம்டிபியில் ரேஷன் கடை கவுன்ட்டர் மாதிரி வெளியே நின்று "இந்தப் பாட்டைக் கொடு, இதை வாங்கி வை" என்று கேட்க வேண்டும், உள்ளே போக முடியாது. கேமராவிலிருந்து படம் எடுக்க இருந்த பிடிபி நெறிமுறையின் மேல் மைக்ரோசாஃப்ட் கட்டிய நெறிமுறை இது. 2008-இல்தான் யூஎஸ்பி அமைப்பின் தரநிலை ஆனது.

லினக்ஸில் இதைப் பேசுவது லிப்எம்டிபி என்ற மென்பொருள் நூலகம். எல்எக்ஸ்டிஈயின் ஃபைல் மேனேஜருக்கு அதை எட்டவைப்பது ஜிவிஎஃப்எஸ்-பேக்கெண்ட்ஸ் என்ற பேக்கேஜ். சிக்கனமாக டெபியன் போட்டவர்களிடம் பல நேரம் இது இருக்காது. அதைப் போட்டு, லாக் அவுட் செய்து திரும்ப வா.

கொருக்குப்பேட்டை கேட்:
பார்த்தீர்களா? "இந்தப் பேக்கேஜைப் போடு." விண்டோஸில் எவனாவது இப்படிச் சொல்லியிருக்கிறானா?

பெரம்பூர் டெர்மினல்:
சொல்லியிருக்கிறான். ஐரோப்பாவுக்கென்று விற்ற விண்டோஸ் 'என்' பதிப்பில் மீடியா ஃபீச்சர் பேக் என்று தனியாகப் போடாமல் எம்டிபி ஓடாது. மேக்கில் இன்றுவரை எம்டிபி உள்ளே கிடையாது, தனி மென்பொருள்தான் வேண்டும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. இந்த 2 ஜிபி லேப்டாப்பில் 11 ஏறாது, அதற்குக் குறைந்தது 4 ஜிபி கேட்கிறார்கள். தம்பிக்கு வேறு என்ன போடச் சொல்கிறீர்கள்?

ராயபுரம் அக்கா:
ரெண்டு பேரும் சிஸ்டத்துக்காகவே சண்டை போடுகிறீர்கள், பிளேயரை யாரும் பார்க்கவில்லை. தம்பி, பிளேயர் மெனுவில் செட்டிங்ஸுக்குள் யூஎஸ்பி மோட் என்று ஒன்று இருக்கிறதா பார். சான்டிஸ்கின் சான்சா கிளிப்பில் ஆட்டோ, எம்டிபி, எம்எஸ்சி என்று மூன்று இருக்கும். எம்எஸ்சி என்பது பென் டிரைவ் முறை, அதை வைத்தால் பென் டிரைவாகத் தெரியும், எந்தப் பேக்கேஜும் வேண்டாம். கார்டு போடுகிற பிளேயர் என்றால் ஒன்று கவனி: 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில் வரும். கர்னல் 5.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலை இல்லை, சாம்சங் கொடுத்த நல்ல டிரைவர் 2020-இல் அதில் சேர்ந்தது.

வியாசை வண்டி:
இருக்கிறது அக்கா! எம்எஸ்சி வைத்ததும் ஐகான் வந்துவிட்டது. பேக்கேஜையும் போட்டேன், இப்போது எம்டிபியிலும் தெரிகிறது. எதை வைத்துக்கொள்ள?

பெரம்பூர் டெர்மினல்:
எம்எஸ்சி, சந்தேகமே வேண்டாம். ஆர்சிங்க் என்ற கட்டளை போட்டு ஃபோல்டரை அப்படியே ஒத்திசைக்கலாம். எம்டிபியில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் பேச முடியும். ஃபைல் மேனேஜர் பிடித்திருந்தால் சாதனத்தைச் சோதிக்கும் எம்டிபி-டிடெக்ட் கட்டளை போட்டாலும் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும்.

கொருக்குப்பேட்டை கேட்:
இதில்தான் நான் எம்டிபி பக்கம். ஆச்சரியப்படாதீர்கள். எம்எஸ்சியில் ஃபைல் சிஸ்டத்தைக் கம்ப்யூட்டரே நேராக எழுதுகிறது. லினக்ஸ் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் எழுதும். நூறு சதவீதம் என்று பட்டை நிறைந்த பிறகும் எழுதுவது முடிந்திருக்காது. எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் பிளேயரின் ஃபேட் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போகும். கடைக்கு இப்படி வராத வாரம் இல்லை. எம்டிபியில் ஃபைல் சிஸ்டம் பிளேயர் கையில். பாதியில் பிடுங்கினாலும் பெரும்பாலும் அந்த ஒரு பாட்டுதான் போகும். ஆண்ட்ராய்டு 2011-இல் எம்டிபிக்கு மாறினதும் சும்மா இல்லை. போன் தன் சேமிப்பைக் கம்ப்யூட்டருக்கு விட்டுக்கொடுக்காமல் தானே வைத்துக்கொள்ள முடிந்தது. விடியற்காலையில் படகுக்கு ஓடுகிற மனுஷன் எஜெக்ட் அழுத்துவாரா?

பெரம்பூர் டெர்மினல்:
அப்பாவா செருகுகிறார், தம்பிதானே? எஜெக்ட் ஒரு கிளிக். அதைக்கூடப் பழக முடியாது என்றால் எப்படி?

கொருக்குப்பேட்டை கேட்:
தம்பி கிளிக் செய்து, "இப்போது எடுக்கலாம்" என்று வரும்வரை காத்திருப்பதற்குள் அப்பா கேபிளோடு பிடுங்கிப் பையில் போட்டிருப்பார். ஜனங்களை எனக்குத் தெரியும்.

ராயபுரம் அக்கா:
இதில் கேட் சொல்வதுதான் சரி. ஆனால் எம்டிபிக்கும் ஒரு விலை உண்டு. அந்த வகைப் பிளேயர் பெரும்பாலும் பாட்டை ஃபைல் பெயரால் அடுக்காது, ஃபைலுக்குள் பாடகர், ஆல்பம் என்று எழுதியிருக்கும் டேக் பார்த்துத்தான் அடுக்கும். நம்ம கானா எம்பி3-களின் லட்சணம் தெரியுமே, பாடகர் இடத்தில் டவுன்லோடு சைட்டின் பெயர், ஆல்பம் இடத்தில் அதே பெயர். எல்லாம் ஒரே மூட்டையாகக் கிடக்கும். கிட்3 என்ற மென்பொருளில் ஃபைல் பெயரிலிருந்தே டேக்கை மொத்தமாக நிரப்பலாம். தமிழில் எழுதுமுன் ஒரு பாட்டில் சோதித்துப் பார், பல பழைய பிளேயர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் வரும்.

எம்எஸ்சியில் வேறு தொல்லை. மலிவான பிளேயர்கள் பலவும் காப்பி ஆன வரிசையில்தான் பாடும், 01, 02 என்று பெயர் வைத்தும் பயன் இல்லை. வரிசையைச் சரிசெய்யும் ஃபேட்சார்ட் கட்டளையை ஓட்டினால் சரியாகும், பிளேயரை அன்மவுன்ட் செய்த (சிஸ்டத்திலிருந்து விடுவித்த) பிறகுதான் ஓட்ட வேண்டும்.

வியாசை வண்டி:
எம்டிபியிலேயே விடுகிறேன். டேக் வேலையை இன்றைக்கே தொடங்குகிறேன். டெர்மினல் அண்ணா, அந்தப் பேக்கேஜ் போட்டதில் என் ஆண்ட்ராய்டு போனும் தெரிகிறது, ஆனால் திறந்தால் காலி. ஏன்?

கொருக்குப்பேட்டை கேட்:
அடுத்தது ஆரம்பித்துவிட்டது. கடை சாயந்திரம் ஆறரைக்குத் திறந்திருக்கும் தம்பி, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வா.

பெரம்பூர் டெர்மினல்:
போனைச் செருகினால் முதலில் சார்ஜ் மட்டும்தான். பூட்டைத் திறந்து, நோட்டிஃபிகேஷனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடு. இதற்கெல்லாம் கடைக்குப் போக வேண்டாம்.