கியர் குறைத்தல்: ‘கீழ்மாற்றம்’ வேண்டாம், ‘படியிறக்கம்’ எடுக்கலாம்

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிளை நிறுத்த வரும்போது கியரை ஒவ்வொன்றாகக் குறைப்பதற்கு (ஆங்கிலத்தில் downshift) தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில், சென்னையிலிருந்து எழுதும் ஐயா ‘கீழ்மாற்றம்’ என்ற சொல்லைத் தந்திருக்கிறார். சொல் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கையில், எங்கள் வன்னியில் அது ஆளைக் குழப்பிவிடும் ஐயா. ஹொண்டா எம்.டி. 90, சி 90 எல்லாம் இங்கே பல காலம் ஓடிய வண்டிகள். அவற்றில் முன்மிதியைக் கீழே அழுத்தினால் கியர் கூடும். குறைக்க வேண்டுமானால் குதிகாலால் பின்மிதியை அழுத்த வேண்டும். இப்போது வருகிற 150 சிசி வண்டிகளில் இது மறுவளம்: முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை எல்லாம் மேலே, நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே. தகப்பனின் எம்.டி.யில் பழகிவிட்டுப் புது வண்டியில் ஏறுகிற பெடியனுக்குக் ‘கீழ்’ என்றால் அது எந்தப் பக்கம்? காலின் திசை வண்டிக்கு வண்டி மாறும், கியரின் வரிசை மாறாது. ஆகவே வரிசையைச் சொல்கிற சொல்தான் வேண்டும்.

என் முன்மொழிவு ‘படியிறக்கம்’. எதிர்ச்சொல் ‘படியேற்றம்’. வினையாகவும் தடங்கலின்றி வரும்: ஒரு படி இறக்கு, இரண்டு படி இறக்கி வா.

இன்னொரு நண்பர் ‘கியர்க்குறைப்பு’ போதுமே என்று கேட்டிருந்தார். பேச்சில் நாங்களும் “கியரைக் குறை” என்றுதான் சொல்கிறோம், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் பொறியியலில் சுழல்வேகத்தைக் குறைப்பதற்கென்றே பல்லிணைகள் உண்டு. ‘குறைப்பு’ அங்கே தேவைப்படும். ‘படி’ என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் கியர்ப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் நான்கிலிருந்து நேரே ஒன்றுக்குத் தாவ முடியாது. ஒரு மிதிக்கு ஒரு படிதான் நகரும். வண்டி நான்காம் கியரில் முழுதாக நின்றுவிட்டால், உள்ளே ஒன்றோடொன்று கோக்க வேண்டிய பற்கள் முட்டிக்கொண்டு நிற்கும், மிதி விழாது. எஞ்சினையும் சில்லையும் (சக்கரத்தையும்) பிரித்துச் சேர்க்கிற கிளச்சை ஒரு மயிரிழை விட்டோ, வண்டியைக் கொஞ்சம் உருட்டியோதான் அடுத்த படிக்குப் போகலாம். பின்னால் நெல் லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும்போது இது லேசான காரியம் இல்லை. ஓடும்போதே படிப்படியாக இறங்க வேண்டும் என்பதைச் சொல்லே கற்றுக்கொடுத்துவிடும்.

இங்கே வந்த இன்னொரு சொல்லான ‘அமர்முடுகல் மாற்றம்’ வேண்டாம் என்பது என் கருத்து. ஆர்முடுகல் (வேகம் கூடுவது), அமர்முடுகல் (வேகம் குறைவது) இரண்டும் எங்கள் பாடசாலைச் சொற்கள், எனக்கு அவற்றின்மேல் நிறையப் பற்று உண்டு. ஆனால் பிறேக் பிடித்தாலும் அமர்முடுகல்தான். கியருக்கு மட்டும் அதைக் கொடுக்க முடியாது. தமிழ்நாட்டு வாசகருக்கும் அது பழக்கமில்லை.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று. கியரை இறக்குவது பெரிய வித்தை இல்லை, உதறாமல் இறக்குவதுதான் வித்தை. அதற்கும் ஒரு சொல் வேண்டும். ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். போகிற வாகனங்கள் அங்கே நிறுத்திக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகும். நல்ல கை என்றால் ஒவ்வொரு படிக்கும் எஞ்சின் சத்தம் சற்று உயர்ந்து தணியும், அடுத்த படிக்கு மறுபடி உயர்ந்து தணியும், வண்டி குலுங்காமல் வந்து நிற்கும். பழகாத கை என்றால் கிளச்சை இறுக்கிப் பிடித்தபடி டக் டக் டக் என்று மிதித்துவிட்டு, முழு வேகத்தையும் பிறேக்கின் தலையில் போடும்.

அந்தச் சத்தம் ஏன் உயர வேண்டும்? மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 3000 சுற்றில் போகிற எஞ்சின், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கினால் ஏறத்தாழ 4000 சுற்றில் சுழன்றாக வேண்டும். துளி றேஸ் கொடுத்து, அதாவது வலது கைப்பிடியைச் சற்றுத் திருகி, நாமே அந்தச் சுற்றுக்குக் கொண்டுபோனால் கிளச் மெத்தென்று சேரும். கொடுக்காமல் கிளச்சைப் படாரென்று விட்டால் பின்சில்லுதான் எஞ்சினைச் சுழற்ற வேண்டிவரும். தார் றோட்டில் ஒரு உதறலோடு போய்விடும். கிறவல் றோட்டில் சில்லு சறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் இழுக்கும்.

இதற்கு ‘சுற்றிசைவு’ என்று வைக்கலாமா? எஞ்சினின் சுற்றும் சில்லின் சுற்றும் இசைவது. ‘சுற்றிசைத்துப் படியிறக்கு’ என்று கையேட்டில் எழுதலாம். கராஜில் “ஒரு றேஸ் குடுத்து விடு” என்பார்கள், அதுவும் இதுதான். இதோடு சேர்ந்த இன்னொன்று, றேஸை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது. அதற்கு ‘எஞ்சின் பிடி’ போதும். “கியரில பிடிக்குது” என்று சனம் ஏற்கெனவே சொல்கிறது.

அக்காவின் மகள் ஸ்கூட்டரிலிருந்து கியர் வண்டிக்கு மாறியபோதுதான் இந்தச் சொற்களின் தேவையைக் கண்டேன். ஸ்கூட்டரில் இடது கைப்பிடி பின் பிறேக். புது வண்டியில் அதே இடத்தில் கிளச். மாங்குளம் சந்தி வந்ததும் அவளுடைய இடது கை தானாக இறுகும். எஞ்சின் பிடி விட்டுப்போகும், வண்டி நிற்பதற்குப் பதிலாக இன்னும் இலகுவாக ஓடும். அப்புறம் பதறி வலது காலை ஊன்றப் போவாள், பின் பிறேக்கும் விட்டுப்போகும். “மெல்ல, மெல்ல” என்று சொல்லி இதைத் திருத்த முடியவில்லை. றேஸை விடு, இரண்டு பிறேக்கும் பிடி, வேகம் தணிந்ததும் கிளச், ஒரு படி இறக்கு, துளி றேஸ், கிளச்சை ஆறுதலாக விடு. இரண்டாம் கியரில் உருண்டு வந்து, நிற்கிற நேரம் கிளச்சைப் பிடித்து ஒன்றுக்கு இறக்கி, இடது காலை ஊன்று. இப்படி ஒவ்வொரு செயலுக்கும் தனிச்சொல் வந்த பிறகுதான் பிடிபட்டது. ட்ரயலுக்கு (ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு) போகிற பிள்ளைகளுக்கு இந்த அளவு தெளிவோடு ஒரு தமிழ்க் கையேடு கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஒன்று மிச்சம் இருக்கிறது. வேகமான சில புது வண்டிகளில், படியிறக்கும்போது பின்சில்லு எஞ்சினை மிஞ்சித் தள்ளினால் தானாகக் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கிற ஸ்லிப்பர் கிளச் வருகிறது. ‘நழுவு கிளச்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்துக் கராஜ்களில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.