வேட்பாளர் படலைக்கு வந்த நாள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

உப்புவெளி வாசகர்:
2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குப் போட்டியிட்ட பெண் ஒருவர் வெயிலில் தனியாக எங்கள் படலைக்கு வந்தார். துண்டுப்பிரசுரத்தை வாங்கிய என் அம்மா, வேட்பாளரின் எண்ணுக்குப் போட்ட விருப்பு வாக்குக் காலத்து நினைவில், "பிள்ளை, உன்ர நம்பர் என்ன?" என்று கேட்டார். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "எனக்கு நம்பர் இல்லை அம்மா, கட்சிக்குப் போடுங்கோ" என்றார். அவர் ஒரு வட்டாரத்தில் நேரடியாக நின்ற வேட்பாளர் அல்லர், கட்சி பெறும் வாக்குக்கேற்பக் கிடைக்கும் ஆசனங்களுக்கான பட்டியலில் உள்ளவர். கட்சிக்கு ஆசனம் கிடைத்தாலும் அது தமக்குத்தான் வரும் என்ற உறுதி இல்லாமலே வீடு வீடாக நடந்த அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. பெண்களுக்கு 25 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது. அந்த இடத்துக்கு எந்தப் பெண் என்பதைக் கட்சி தீர்மானிக்கிறது.

நிலாவெளி வாசகர்:
2018 பெப்ரவரியில் எங்கள் ஒழுங்கையில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை. வாக்குக் கேட்டு வந்தவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் கடைசி வீடுவரை நடந்து, புல்மோட்டை வீதியோடு ஒழுங்கை சேரும் இடத்தில் அடைபட்டிருந்த மதகையும் குனிந்து பார்த்தார். அதைக் கண்டுதான் எங்கள் வீட்டில் நான்கு பேரும் அவருக்கு வாக்களித்தோம். வென்ற பிறகு போய்க் கேட்டபோது, "அது எங்கட சபைக்குரியதில்லை" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

பாலையூற்று வாசகர்:
நிலாவெளி அன்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வென்றவர் சொன்ன பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அந்த மதகு புல்மோட்டை வீதிக்குரியதாக இருக்கலாம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும் உரியவை. மிகுதி ஒழுங்கைகள்தாம் சபையின் பொறுப்பு. ஆனால் குனிந்து பார்த்த அன்றே அதைச் சொல்லாதது பெரும் தவறு என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. என் வீட்டுக்கு வந்த ஒருவர் உயர்தரப் பாடசாலைக்கு ஆசிரியர் போடுவதாகவே வாக்குறுதி தந்தார். அதற்கும் பிரதேச சபைக்கும் என்ன தொடர்பு? ஆகவே அடுத்த முறை எவர் வந்தாலும் தெருவிளக்கு, குப்பை, நூலகம், சந்தை, மயானம் பற்றி மட்டும் கேளுங்கள். நீங்கள் வட்டாரமா பட்டியலா என்று முதலில் கேளுங்கள். 60 சதவீத உறுப்பினர்கள் வட்டாரத்திலிருந்தும் 40 சதவீதத்தினர் பட்டியல் வழியாகவும் வருவதால், யாரைப் பின்னர் தேடிப் போவது என்பது அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். சொன்னதை அவர்களின் துண்டுப்பிரசுரத்திலேயே திகதியோடு எழுதி வையுங்கள். தேர்தல் செலவு விபரத்தை முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளதையும் முகத்துக்கு நேரே நினைவூட்டுங்கள்.

உப்புவெளி வாசகர்:
ஐயா, உங்கள் ஆலோசனை நல்லதுதான். ஆனால் எங்கள் படலைக்கு வந்தவரிடம் அப்படி விசாரணை செய்ய எனக்கு மனம் வந்திராது. கேட்க வேண்டியது அவரை அனுப்பிய கட்சியையே.

மூதூர் வாசகர்:
2023 மார்ச் 9 என்று திகதி குறித்த தேர்தல் பணமில்லை என்று நின்றுபோனதை யாரும் எழுதவில்லை. எங்கள் பகுதியில் வேட்புமனு கொடுத்த ஒருவர் என் கடையில் இருபது துண்டுப்பிரசுரங்களை வைத்துவிட்டுப் போனார். பழைய வேட்புமனுக்கள் யாவும் இரத்தாகி 2025இல் புதிதாகக் கோரப்பட்டபோது, அவருடைய கட்சி வேறொருவரை நிறுத்தியது. ஒருநாள் அவர் கடைக்கு வந்த நேரம், என் மகள் அந்தத் துண்டுப்பிரசுரம் ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அவர் தாளைத் திருப்பித் தமது படத்தைப் பார்த்தார். பிறகு கணக்கு மேலே தெரியும்படி அதை வைத்துவிட்டு, அரைக் கிலோ சீனி கேட்டார்.