குரோசவா படங்கள்: எதில் தொடங்கலாம், எந்தப் பதிப்பைப் பார்க்கலாம்?

நடுவரிசை:
ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் படங்களை வரிசையாகப் பார்க்க ஆசை. எல்லாரும் சொல்கிறார்களே என்று ரஷோமோனை முதலில் போட்டேன், மனம் ஒட்டவில்லை. அடுத்து செவன் சாமுராயைத் தேடினால் ஓரிடத்தில் 207 நிமிடம், இன்னோரிடத்தில் 160 நிமிடம் என்று இருக்கிறது. எது சரி? கறுப்பு வெள்ளை எனக்குப் பிரச்சினையே இல்லை. க்ரைம் கதை என்றால் ரொம்பப் பிடிக்கும். பார்ப்பது 43 இன்ச் டிவியில், பென் டிரைவ் போட்டு. கூட அப்பாவும் உட்காருவார். மொத்தம் முப்பது படமாம், அதில் ஐந்தாறு சொன்னால் போதும்.

கறுப்புவெள்ளை:
க்ரைம் பிடிக்கும் என்கிறீர்கள், அப்படியானால் யோசிக்கவே வேண்டாம். ஹை அண்ட் லோ, 1963, 143 நிமிடம். குரோசவா என்றாலே வாள் சண்டை என்று நினைப்பவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய படம் இதுதான்.

யோகோஹாமாவில் குன்றின் மேல் பெரிய வீடு, அதில் செருப்புக் கம்பெனி நிர்வாகி ஒருவர். கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவர வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து, "உன் பையனைக் கடத்திவிட்டேன்" என்று போன் வருகிறது. கடத்தியவன் தவறுதலாகத் தூக்கிக்கொண்டு போனது டிரைவரின் மகனை. 3 கோடி யென் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் முதல் பாதி. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேமரா அந்த வீட்டை விட்டு வெளியே போவதில்லை. அப்பா "என்னப்பா, ஒரே ரூமிலேயே நடக்குது" என்று எழப் பார்த்தால் ரயில் காட்சி வரைக்கும் பிடித்து உட்கார வையுங்கள். பணப் பையின் தடிமன் 7 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கடத்தியவன் ஏன் நிபந்தனை போட்டான் என்பது அங்கேதான் விளங்கும். நிஜமாகவே ஓடும் ரயிலில், பல கேமராக்களை வைத்து எடுத்தது அது.

அறைக் காட்சிகளில் நிற்பவர்களைக் கவனியுங்கள். போன் மணி அடித்ததும் யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், டிரைவர் எந்த ஓரத்தில் ஒடுங்கி நிற்கிறார் என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. அதனால் இதை மொபைலில் பார்க்காதீர்கள்.

அடுத்தது யோஜிம்போ (1961, 110 நிமிடம்). ஒரு ஊர், இரண்டு ரவுடிக் கும்பல், இரண்டு பக்கமும் காசு வாங்கும் ஒரு சாமுராய். கிளின்ட் ஈஸ்ட்வுட்டை வைத்து செர்ஜியோ லியோனி 1964இல் எடுத்த எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ் இந்தக் கதைதான். அனுமதி வாங்காமல் எடுத்ததால் வழக்குக்கும் போனது. இந்த இரண்டையும் முடித்த பிறகு செவன் சாமுராய்க்கு வாருங்கள்.

ரீல்பெட்டி:
ஹை அண்ட் லோ சரி. ஆனால் செவன் சாமுராயை (1954) மூன்றாவதாகத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்பாவோடு பார்ப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. கொள்ளையரிடமிருந்து விளைச்சலைக் காப்பாற்ற ஒரு கிராமம் ஆள் சேர்க்கிறது, நம் ஊரில் இது யாருக்குப் புரியாது?

நீளம் பற்றி: 207 நிமிடம்தான் முழுப்படம். 160 சொச்சம் என்று இருப்பது வெளிநாட்டு விநியோகத்துக்காக வெட்டியது, அதைத் தொடாதீர்கள். படத்துக்குள்ளேயே இடைவேளை இருக்கிறது. இரண்டு ராத்திரியாகப் பார்ப்பதானால் அங்கே நிறுத்துங்கள், வேறெங்கும் வேண்டாம்.

பலர் இந்தப் படத்தில் தடுமாறுவது பெயர்களில்தான். ஏழு ஜப்பானியப் பெயரை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தலையை மழித்தவர் தலைவர் காம்பெய். ஆளை விட நீளமான வாளோடு திரிபவர் கிகுச்சியோ, அதில் நடித்தவர் மிஃபுனே. பேசவே பேசாத வாள் வித்தகர் க்யூசோ. மீசை முளைக்காத பையன் கட்சுஷிரோ. இந்த நால்வர் பிடிபட்டால் மற்ற மூவர் தாமாகப் பிடிபடுவார்கள். நடுவில் ஒரு கொடி தைப்பார்கள்: ஆறு வட்டம், ஒரு முக்கோணம், அடியில் ஓர் எழுத்து. வட்டங்கள் சாமுராய்கள், எழுத்து விவசாயிகள், முக்கோணம் கிகுச்சியோ. அவன் எந்தப் பக்கத்திலும் முழுசாகச் சேராதவன் என்பதை அந்தத் துணி சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. காம்பெய் கிராமத்தின் வரைபடத்தை விரிக்கும்போது சாப்பிட எழுந்து போகாதீர்கள். எங்கே வேலி, எந்த வயலில் தண்ணீர் தேக்குவது, எந்தப் பாலத்தை உடைப்பது, எந்தப் பக்கத்தை வேண்டுமென்றே திறந்து விடுவது என்று அங்கேதான் பேசுகிறார்கள். அதைத் தவறவிட்டால் கடைசி மழைச் சண்டை வெறும் சேறும் குதிரையுமாகத் தெரியும். கொள்ளையர் மொத்தம் நாற்பது பேர், அவர்களிடம் மூன்று துப்பாக்கி. இந்த இரண்டு எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டால் யார் கை ஓங்குகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும்.

பிம்பம்:
படம் எது என்பதைப் பேசிவிட்டீர்கள், டிவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 43 இன்ச்சில் கெடுவது பெரும்பாலும் செட்டிங்கால்தான்.

செவன் சாமுராய், ரஷோமோன், இகிரு எல்லாம் ஏறத்தாழச் சதுரமான பழைய பிரேம், 1.37க்கு 1. டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். அதை நிரப்ப ஜூம் கொடுத்தால் மேலும் கீழுமாகப் படத்தின் உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். ஸ்ட்ரெச் கொடுத்தால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள். ஹை அண்ட் லோ, யோஜிம்போ இரண்டும் அகலத்திரை, அங்கே பட்டை மேலும் கீழும் வரும்.

மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் இருக்கும். இல்லாத பிரேம்களை டிவியே உண்டாக்கிச் செருகுவதால் படம் சீரியல் மாதிரி வழுக்கும், மழை வரும் இடத்தில் பிசிறடிக்கும். பிக்சர் மோடு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர். விவிட் மோடில் கறுப்பு வெள்ளைக்கு நீலச் சாயல் ஏறிவிடும்.

ஆனால் "கறுப்பு வெள்ளைப் படம்தானே" என்று கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடாதீர்கள். ஹை அண்ட் லோவின் பிற்பாதியில் ஒரே ஓர் இடத்தில் ஒரு நிறம் வரும். கதையின் முக்கியத் தடயமே அதுதான். கலரை இறக்கியவருக்கு, போலீஸ்காரர்கள் ஏன் துள்ளி எழுகிறார்கள் என்றே புரியாது.

ரீல்பெட்டி:
பென் டிரைவ் என்றால் சப்டைட்டிலையும் சொல்லிவிடுகிறேன், 207 நிமிடப் படத்தில் சின்னப் பிசகும் பெரிதாகிவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக எழுத்து முந்தினால் பிரேம் ரேட் கோளாறு. நொடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவுக்குச் செய்த சப்டைட்டிலை 23.976 வீடியோவோடு போட்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டரை நிமிடம், படம் முடியும்போது எட்டு நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். தள்ளிவைத்துத் தள்ளிவைத்துப் பார்ப்பது வீண் வேலை. சப்டைட்டில் எடிட் மென்பொருளில் பிரேம் ரேட்டை 25இலிருந்து 23.976க்கு மாற்றிச் சேமித்தால் ஒரே தடவையில் சரியாகிவிடும்.

இடைவேளை வரை ஒழுங்காக ஓடி, அதன்பின் ஒரே அளவு விலகலோடு தொடர்ந்தால் அது வேறு. சில கோப்புகளில் இடைவேளை இசையை வெட்டியிருப்பார்கள். அதற்கு இரண்டாம் பாதி வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து நகர்த்த வேண்டும். சப்டைட்டில் கோப்புக்கும் வீடியோவுக்கும் ஒரே பெயர் இருக்கட்டும். தமிழ் சப்டைட்டில் என்றால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமியுங்கள், இல்லையென்றால் திரையில் கட்டம் கட்டமாக வரும்.

நடுவரிசை:
நன்றி, நிறையத் தெளிவாயிற்று. கலர் விஷயம் யாருமே சொல்லாதது. ரஷோமோனுக்கு மறுபடி போகலாமா? இகிரு, ரான் இரண்டும் அப்பாவுக்குத் தாங்குமா?

கறுப்புவெள்ளை:
ரஷோமோனுக்குக் கட்டாயம் திரும்புங்கள், ஆனால் முன்னதாக "அந்த நாள்" என்ற தமிழ்ப் படத்தைப் பாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவிஎம் எடுத்த 1954 படம், பாட்டே கிடையாது. ரஷோமோன் பாதிப்பில் வந்ததுதான், ஆனால் கொலையாளி யார் என்று கடைசியில் சொல்லிவிடும். ரஷோமோன் சொல்லாது. அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் 88 நிமிடமும் நழுவிப் போகும். விசாரணைக் காட்சியில் நீதிபதியைக் காட்டுவதே இல்லை, அவர் குரல்கூடக் கேட்காது. சாட்சிகள் நம்மைப் பார்த்து உட்கார்ந்து பதில் சொல்கிறார்கள். தீர்ப்பைக் குரோசவா நம்மிடம் விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, யார் எதை மறைக்கப் பொய் சொல்கிறார் என்று பாருங்கள்.

இகிரு (1952, 143 நிமிடம்): புற்றுநோய் வந்த அரசு அலுவலர் கதை. வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கு துக்க வீட்டில் நடக்கும். "படம் முடிஞ்சாச்சே" என்று பலர் அங்கே விட்டுவிடுகிறார்கள், படத்தின் உயிரே அந்தப் பகுதிதான்.

ரான் (1985) கலர். ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகக் கதையை ஜப்பானுக்குக் கொண்டுவந்தது, லியரின் மகள்களுக்குப் பதில் மூன்று மகன்கள். மூத்தவன் மஞ்சள், அடுத்தவன் சிவப்பு, இளையவன் நீலம், படைகளும் அதே நிறம். முதல் கோட்டைச் சண்டையில் வெட்டு, குத்து, குதிரை எதன் சத்தமும் இருக்காது, இசை மட்டும்தான். ஸ்பீக்கர் கோளாறு என்று கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள், ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு எல்லாம் திரும்பி வரும். அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அது பிடித்துப்போய் காகெமுஷாவுக்கும் (1980) போவதானால் 180 நிமிட ஜப்பானியப் பதிப்பைத் தேடி எடுங்கள். 162 என்று போட்டிருந்தால் அது வெளிநாட்டுக்காகக் குறைத்தது.