ஜன்னல் சாத்தியும் வீட்டுக்குள் புகை, அவசரம்

திருப்பாப்புலியூரான்: கடலூரில் நேற்று ராத்திரியிலிருந்து ஒரே புகை. எல்லா ஜன்னலும் சாத்தியாச்சு, கதவு இடுக்கில் துணி அடைச்சாச்சு. அப்படியும் கண் எரிகிறது, அம்மா இருமிக்கொண்டே இருக்கிறார். மாஸ்க் போட்டால் போதுமா? சீக்கிரம் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்வாசி: என்ன எரிகிறது, குப்பையா சருகா? அம்மாவுக்கு என்ன வயது, வீசிங் உண்டா? வீட்டில் ஏசியா?

புதுவை மணி: தினம் ஒரு துண்டு வெல்லம் கொடுங்க. அப்பா மில்லில் இருந்தவரை அதைத்தான் சாப்பிட்டார், பஞ்சுத்தூசி அண்டவில்லை.

காற்றுமானி: ஒவ்வொரு கோடையிலும் யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள், பாதி விவரத்தை விழுங்கிவிட்டு. வெல்லம் வயிற்றுக்குப் போகும், நுரையீரலுக்கு அல்ல. ஈரக் கைக்குட்டை சாம்பலைத் தடுக்கும், 2.5 மைக்ரானுக்குக் கீழான துகளை விட்டுவிடும். என்95 வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி நின்றால்தான். தாடிக்காரர்களுக்கு வீண்.

புதுவை மணி: அப்பாவுக்கு 81, இன்னும் சைக்கிள் மிதிக்கிறார். உங்கள் மைக்ரான் கணக்கை அவரிடம் வந்து சொல்லுங்கள்.

முதுநகர் செல்வி: ராத்திரி காற்று மேற்கிலிருந்து கடலுக்குப் போகும், புகையும் கூடவே வரும். பகலில் கடல்காற்று ஏறியதும் திரும்பிவிடும். புகை வாடை விட்ட பிறகு ஜன்னலைத் திறங்க.

திருப்பாப்புலியூரான்: சாரி, கேப்பர் மலைப் பக்கம் முந்திரித் தோப்பில் சருகு எரிகிறது. அம்மாவுக்கு 67, வீசிங் உண்டு, நீல இன்ஹேலர் இருக்கிறது. ஏசி இல்லை, ஜன்னலில் கூலர்தான். விடிய விடிய ஓடியது.

மஞ்சக்குப்பம்வாசி: அட, திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்! கூலர் வெளிக்காற்றைத்தான் இழுத்து உள்ளே தள்ளும். நனைந்த புல் அந்தத் துகளை வடிகட்டாது. நிறுத்தி, அந்த ஜன்னலையும் அடைத்து, ஃபேன் போடுங்க. கொசுவத்தி, ஊதுபத்தி கூடாது. பெருக்காமல் ஈரத்துணியால் துடைங்க. வெக்கை தாங்காவிட்டால் புகை இல்லாத சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போங்க. இன்ஹேலர் அடித்தும் மூச்சு வாங்கினால், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாவிட்டால், உடனே 108.

காற்றுமானி: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஸ்ப்ளிட் ஏசி உள்காற்றையே சுற்றவிடும், பயமில்லை. ஜன்னல் ஏசி என்றால் வெளிக்காற்று மூடியைச் சாத்தணும்.

முதுநகர் செல்வி: வந்தீங்க, சொல்லலையே.

புதுவை மணி: 😄 வெல்லம் கொடுத்துப் பார்த்தீங்களா தம்பி?

மஞ்சக்குப்பம்வாசி: அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்க அண்ணே.

திருப்பாப்புலியூரான்: கூலரை நிறுத்தியாச்சு. வேர்த்துக் கொட்டுது, ஆனால் வாடை பாதி குறைந்துவிட்டது. அம்மா இப்போதுதான் தூங்குகிறார். நன்றி, அப்புறம் வருகிறேன்.