சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியை எழுப்பியது கல்லூரிப் பையன்களா, பங்குக் கோயில் தாய்மார்களா?

#1 திண்ணைக்காரன்

என் மகள் டெக்சாஸில், சான் அன்டோனியோவில் படிக்கிறாள். கல்லூரி வாசலில் மேசை போட்டு லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழி வந்த) மாணவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கிறார்களாம், இவளும் கூடமாட நிற்கிறாளாம். நல்லது, நிற்கட்டும். ஆனால் போனை வைக்கும்போது, "இந்த ஊரையே மாத்தினது ஸ்டூடன்ட்ஸ்தான்பா" என்றாள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஊரை மாற்றியவர்கள் மேற்குப் பகுதியின் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது கோயில் சபைகளில், இருந்த தாய்மார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சான் அன்டோனியோவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக லத்தீனோக்கள், பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள். அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த மேற்குப் பகுதியில் மழை வலுத்தால் தெரு ஓடையாகிவிடும். 1974-இல் அப்படி ஒரு வெள்ளம். அதே சமயம் எர்னெஸ்தோ கோர்தெஸ் என்ற உள்ளூர்க்காரர், ஏழைக் குடியிருப்புகளைத் திரட்டுவதில் பேர்போன சால் அலின்ஸ்கி தொடங்கிய அமைப்பில் பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மேடைப் பேச்சாளர்களை அவர் தேடவில்லை. பங்குத் திருவிழாவுக்குக் கணக்குப் பார்ப்பது யார், பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் கூட்டி வருவது யார் என்றுதான் விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்களை வைத்து உருவானதுதான் 'காப்ஸ்' (Communities Organized for Public Service) என்ற மக்கள் அமைப்பு.

இவர்கள் நகராட்சித் திட்டங்களைக் கிளறியபோது ஒரு விஷயம் தெரிந்தது. மேபெரி வடிகால் திட்டம் 1945-லேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. இருபத்தொன்பது வருடமாக மண்வெட்டி படவில்லை. நகர மன்றத்துக்குக் கூட்டமாகப் போய் உட்கார்ந்தார்கள். அந்த நவம்பரிலேயே 4.6 கோடி டாலருக்கு மேல் வடிகால் கடன் பத்திரத்துக்கு ஊர் வாக்களித்தது.

1975-இல் இன்னொரு கூத்து. ஜோஸ்கேஸ் என்ற பெரிய துணிக்கடைக்குள் பெண்கள் கூட்டமாக நுழைந்து, ஒவ்வோர் உடுப்பாகப் போட்டுப் பார்த்து, எதையும் வாங்காமல் திரும்ப வைத்தார்கள். மறுநாள் ஃப்ராஸ்ட் வங்கி. டாலரைக் கொடுத்துச் சில்லறை வாங்குவது, மறுபடி வரிசையில் நின்று அதே சில்லறையைக் கொடுத்து டாலர் வாங்குவது. நகரத்துப் பெரிய மனிதர்களைப் பேச்சுக்கு இழுக்கத்தான் இது.

இதில் கல்லூரி எங்கே வருகிறது? மாணவன் நான்கு வருடத்தில் மூட்டை கட்டிவிடுவான். சாக்கடை அங்கேயே இருக்கும்.

#2 மணிமேகலை_ந

அண்ணா, வங்கி வரிசை எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் நீங்கள் படத்தை இடைவேளையிலிருந்து ஓட்டுகிறீர்கள்.

1967-இல் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் ஐந்து பேர், பக்கத்து மதுக்கடையில் பீர் குடித்துக்கொண்டே 'மாயோ' என்ற மெக்சிக அமெரிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஹோசே ஆன்ஹெல் குத்தியெரெஸ், வில்லி வெலாஸ்கெஸ், மாரியோ கொம்பெயான், இக்னாசியோ பெரெஸ், ஹுவான் பத்லான். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது அதே மேற்குப் பகுதியில்தான்.

அடுத்த ஆண்டு மே மாதம், மேற்குப் பகுதியிலேயே உள்ள எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியில் நானூறு பிள்ளைகள் வகுப்பைவிட்டு வெளியே வந்து கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். உடைந்த ஜன்னல்கள், தகுதிச் சான்று இல்லாத ஆசிரியர்கள். பெற்றோர் கண்ணைத் திறந்தது அந்த நடைதான். விமானப்படைத் தளத்தில் தகரவேலை செய்த தெமெத்ரியோ ரொட்ரீகெஸ் உள்ளிட்ட பெற்றோர் வழக்குப் போட்டார்கள். எட்ஜ்வுட்டில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 356 டாலர் செலவு, அதே நகரத்தின் பணக்கார அலாமோ ஹைட்ஸில் 594 டாலர் என்று நாட்டுக்கே தெரிந்தது அந்த வழக்கில். 1973-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள், சரி. ஆனால் எட்ஜ்வுட் சளைக்காமல் மாநில நீதிமன்றம் போய் 1989-இல் வென்றது. பள்ளி நிதி பற்றி டெக்சாஸில் இன்றும் அடித்துக்கொள்கிறார்களே, அதன் வேர் இங்கே.

தாய்மார்கள் 1974-இல் எழுந்தார்கள் என்றால், ஆறு வருடம் முன்னால் வீட்டுக்குள் வந்து சத்தம் போட்டவர்கள் அவர்கள் பெற்ற பிள்ளைகள்.

#3 திண்ணைக்காரன்

எட்ஜ்வுட்டில் நடந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பையன்கள் இல்லை. அதை நைசாக ஒரே மூட்டையில் கட்டுகிறாய்.

மாயோ என்ன செய்தது என்றும் சொல்லேன். 1969 ஏப்ரலில் குத்தியெரெஸ் பத்திரிகையாளர்களைக் கூட்டி, 'கிரிங்கோ'வை (வெள்ளைக்காரர்களைக் குறிக்கும் ஏளனச் சொல்) ஒழிக்க வேண்டும் என்றார். எப்படி என்று நோண்டிக் கேட்டதும், வேறு வழியே இல்லாவிட்டால் கொல்லவும் வேண்டியிருக்கும் என்கிற மாதிரி பேசிவிட்டார். வெள்ளைக்காரர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. அந்த ஊரின் சொந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஹென்றி கொன்சாலெஸே இவர்களை அவையில் வைத்து வெளுத்தார். அவரும் மெக்சிக அமெரிக்கர், மறக்க வேண்டாம். இவர்களுக்கு வந்துகொண்டிருந்த ஃபோர்டு அறக்கட்டளைப் பணமும் நின்றது. ஒரு பேட்டி, மொத்தமும் போச்சு. பங்குச் சாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா யாரும் அப்படி உளற மாட்டார்.

#4 மணிமேகலை_ந

உளறல்தான். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அதே குத்தியெரெஸ் தன் சொந்த ஊரான கிறிஸ்டல் சிட்டிக்குத் திரும்பிப் போய்ச் செய்ததையும் சேர்த்து எழுதுங்கள். பசலைக்கீரை விளையும் ஊர், ஊருக்கு நடுவில், கீரை தின்னும் கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் சிலை. மக்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் மெக்சிக அமெரிக்கர்கள். பள்ளியில், ஆட்டத்தில் உற்சாகமூட்டும் நான்கு சியர்லீடர்களில் மூவர் வெள்ளைக்காரப் பெண்களாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதாத விதி. 1969 டிசம்பரில் மாணவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். நான்கே மாதத்தில், 1970 ஏப்ரலில், இவர்கள் தொடங்கிய ராசா உனிதா கட்சி பள்ளி வாரியத்தைப் பிடித்தது. குத்தியெரெஸ் வாரியத்தின் தலைவரானார். 1972 ஆளுநர் தேர்தலில் அந்தக் கட்சி இரண்டு லட்சம் வாக்குக்கு மேல் வாங்கியது.

#5 திண்ணைக்காரன்

1978-இல் அதே கட்சி வாக்குச்சீட்டில் இடத்தையே இழந்தது. காப்ஸ் இன்னும் இருக்கிறது. வேறென்ன சொல்ல.

#6 சட்டப்புள்ளி

இருவரும் மன்னிக்கவும். நீங்கள் சேவல் எது, கோழி எது என்று சண்டை போடுகிறீர்கள். முட்டை இட்டது வாஷிங்டன்.

1966 வரை டெக்சாஸில் வாக்களிக்கத் தலைவரி கட்டவேண்டும். 1.75 டாலர். வயலில் நாள்கூலிக்குப் போகிறவன் வீட்டில் இரண்டு ஓட்டு என்றால் 3.50. வரி போன பிறகும் 1971 வரை வருடாவருடம் புதிதாகப் பெயர் பதிய வேண்டும். சான் அன்டோனியோ நகர மன்றத்துக்கோ மொத்த ஊரும் சேர்ந்து எல்லா இடங்களுக்கும் வாக்களிக்கும் முறை. வடக்கே இருந்த வசதியானவர்கள் கைகாட்டுகிறவர்தான் ஜெயிப்பார். 1975-இல் வாக்குரிமைச் சட்டத்தை ஸ்பானிய மொழிச் சிறுபான்மையினருக்கும் விரித்தார்கள். நகரம் 1972-இல் வடக்கே சேர்த்துக்கொண்ட பகுதிகள் மெக்சிக அமெரிக்கர் வாக்கின் பலத்தைக் குறைக்கின்றன என்று மத்திய அரசின் நீதி அமைச்சகம் ஆட்சேபித்தது. வேறு வழியில்லாமல் 1977 ஜனவரியில் ஊர் வாக்கெடுப்பு வைத்து, மயிரிழையில் வட்டத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற தேர்தல் முறைக்கு மாறினார்கள். அந்த வருடமே பதினொரு பேர் மன்றத்தில் ஐந்து மெக்சிக அமெரிக்கர்கள், ஒரு கறுப்பினத்தவர். 1981-இல் ஹென்றி சிஸ்னெரோஸ் மேயர். சட்டம் மாறாமல் இருந்திருந்தால் தாய்மார்கள் இன்றைக்கும் சில்லறை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

#7 மணிமேகலை_ந

சட்டம் வானத்திலிருந்து விழுந்ததா? 1977 வாக்கெடுப்பில் மேற்குப் பகுதியை வாக்குச்சாவடிக்குக் கூட்டி வந்தது காப்ஸ். பார்த்தீர்களா, அண்ணா கட்சியைக்கூட நானே பேச வேண்டியிருக்கிறது.

என் ஆளைப் பற்றி இன்னும் பேசவில்லை. வில்லி வெலாஸ்கெஸ். மாயோவின் ஐவரில் ஒருவர், வாய்வீச்சு பிடிக்காமல் விலகியவர். 1974-இல், காப்ஸ் பிறந்த அதே வருடம், அதே ஊரில், தென்மேற்கு வாக்காளர் பதிவுத் திட்டத்தைத் தொடங்கினார். வாக்காளர் பதிவுக்கு அறக்கட்டளைப் பணம் போவதை 1969 வரிச்சட்டம் இறுக்கிவிட்டதால், அனுமதி வாங்கவே வருடக்கணக்கில் இழுத்தது. 'சு வோத்தோ எஸ் சு வோஸ்' என்பது அவர் வாசகம். உங்கள் வாக்கே உங்கள் குரல். ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர்க் குழு அமைத்து, மக்களுக்கு எது உறுத்துகிறது என்று முதலில் கேட்பார். வியட்நாமோ, சே குவேராவோ வராது. தார் போடாத தெரு, நாற்றமடிக்கும் வடிகால் என்றுதான் வரும். அதை வைத்துத்தான் பதிவு. வட்டங்களைக் கோணல்மாணலாக வெட்டிய கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி) மேல் வழக்குமேல் வழக்கு. 1988-இல் 44 வயதில் இறந்தார். 1995-இல் அவருக்கு அதிபர் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார்கள்.

இவர் மாணவரா, தாய்மார் கட்சியா? எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

#8 கவிதா_எஸ்ஏ

நான் அந்த ஊரில்தான் இருக்கிறேன். கல்லூரி வாசல் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் வரலாறு வேண்டாம், மேசையைப் பற்றிச் சொல்கிறேன்.

டெக்சாஸில் யார் வேண்டுமானாலும் படிவம் வாங்கி நிரப்பிச் சேகரித்துவிட முடியாது. கவுண்டி உங்களைத் தன்னார்வத் துணைப் பதிவாளராக நியமிக்க வேண்டும். குடியுரிமை இல்லாதவருக்குக் கிடையாது, ஆகவே விசாவில் இருக்கும் நம் ஆட்கள் நாற்காலி தூக்கலாம், படிவத்தை வாங்க முடியாது. நிரப்பிய படிவம் ஐந்து நாளுக்குள் அலுவலகம் சேரவேண்டும். புதிதாகப் பதிய இணைய வழியே கிடையாது, எல்லாம் காகிதம். எங்கள் கவுண்டியின் பெயரை எழுத்துக்கூட்டினால் பெக்சார் என்று வரும், ஆனால் உள்ளூரில் உச்சரிப்பது 'பேர்'. பேர் பதிகிற ஊருக்குப் பேர் என்றே பேர்!

போன முறை ஒரு பையன் வந்தான். லரேடோக்காரன், பத்தொன்பது வயது. பேனாவை எடுத்தான், முகவரிக் கட்டத்தில் நின்றுவிட்டான். அம்மா வீடா, விடுதியா? எது உன் இருப்பிடம் என்று நீ நினைக்கிறாயோ அது என்றேன். மாணவர்கள் படிக்கும் ஊரில் வாக்களிக்கலாம் என்பது பிரெய்ரி வியூ கல்லூரி வழக்கில் 1979-லேயே முடிந்த விஷயம். ஆனால் விடுதி முகவரி என்றால்தான் என்னால் அந்தப் படிவத்தை வாங்க முடியும். லரேடோ இருப்பது வெப் கவுண்டியில், அங்கே எனக்கு நியமனம் இல்லை. அவன் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே ஐந்து நிமிடம் நின்றான். கடைசியில், "அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று போனான். வரவில்லை.

இன்னொன்று. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி இங்கே வாக்களிக்க முடியாது. துப்பாக்கி உரிம அட்டை செல்லும்.

#9 திண்ணைக்காரன்

கவிதாம்மா, நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்! விடுதியில் பதிந்தவன் அடுத்த வருடம் அறை மாறுவான், கவுண்டி அனுப்பும் அட்டை திரும்பி வரும், பெயர் இடைநிறுத்தப் பட்டியலுக்குப் போகும். மேற்குப் பகுதி அம்மாவுக்கு நாற்பது வருடமாக ஒரே முகவரி.

தாய்மார்கள் கல்லூரிக்கு எதிரானவர்களும் இல்லை. 1990-இல் லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனி அங்கிருந்த தையல் ஆலையை மூடி ஆயிரம் பேருக்கு மேல் தெருவில் விட்டபோது, காப்ஸும் அதன் தோழமை அமைப்பான மெட்ரோ அலையன்ஸும் சேர்ந்து 1992-இல் 'ப்ராஜெக்ட் குவெஸ்ட்' தொடங்கின. வேலைக்கு ஆகிற படிப்பை சமுதாயக் கல்லூரியில் படிக்கவைத்து, குழந்தைக் காப்பகச் செலவு, பஸ் செலவுகூடப் பார்த்துக்கொள்வார்கள். பின்னாளில் சரியான ஒப்பீட்டு ஆய்வு செய்து பார்த்தபோது, ஆறாம் ஆண்டில் இவர்கள் மற்றவர்களைவிட வருடத்துக்குச் சுமார் 5,000 டாலர் கூடச் சம்பாதித்தார்கள். கல்லூரி ஊரை எழுப்பவில்லை. ஊர்தான் ஆட்களைக் கல்லூரிக்கு அனுப்பியது.

#10 மணிமேகலை_ந

அண்ணா, இப்போது நீங்களே கோல் போட்டுவிட்டீர்கள், உங்கள் வலையில்.

குவெஸ்டில் போய்ப் படித்தவர் யார்? ஆலையில் தைத்துக்கொண்டிருந்த அம்மா. அவர் மாணவரா, தாயா? நான்கு வருடத்தில் மூட்டை கட்டும் மாணவன் என்பது விடுதிக் கல்லூரிக் கணக்கு. இந்த ஊரின் சமுதாயக் கல்லூரிகளில் காலையில் வகுப்புக்கு வருகிறவர், சாயங்காலம் அதே மேற்குப் பகுதித் தெருவுக்குத்தான் திரும்புகிறார். வெலாஸ்கெஸும் அப்படித்தான், சான் அன்டோனியோவில் வளர்ந்து சான் அன்டோனியோவில் படித்தவர். வெளியூரிலிருந்து வந்து 'எழுப்பியவர்' இல்லை. லரேடோப் பையன்கூட அம்மாவிடம் கேட்கத்தானே போனான்?

#11 சட்டப்புள்ளி

லரேடோப் பையன் திரும்பி வரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்தலுக்கு முப்பது நாள் முன்னால் பதிவு முடிந்துவிடும். கடைசியில் சட்டம்தான்.

#12 திண்ணைக்காரன்

மணி, வெலாஸ்கெஸ் விஷயத்தில் ஒரு படி இறங்கி வருகிறேன். மாயோ விஷயத்தில் இறங்க மாட்டேன். அந்தப் பேட்டி நடந்ததை யாராலும் அழிக்க முடியாது.

கவிதாம்மா, ஒரு சந்தேகம். என் மகள் அங்கேயே பிறந்தவள், குடியுரிமை உண்டு. சும்மா நாற்காலி தூக்குகிறாளா, இல்லை அந்த நியமனம் வாங்கியிருக்கிறாளா என்று நான் கேட்கவே இல்லை. வாங்கியிருந்தால் எத்தனை நாள் செல்லும்?

#13 கவிதா_எஸ்ஏ

இரட்டைப்படை ஆண்டின் டிசம்பர் 31 வரை. அதற்குப் பிறகு புதிதாக வாங்க வேண்டும். எந்த மேசை என்று கேட்டுச் சொல்லுங்கள், எங்கள் மேசையாகவே இருக்கலாம். கருப்புக் கண்ணாடி போட்ட, நிறையப் பேசுகிற பெண் என்றால் எனக்குத் தெரியும்.

#14 திண்ணைக்காரன்

நிறையப் பேசுவாள். அவளேதான்.