சேலம் என்று தேடினால் சூனியக்காரி வந்த காலம்

ஐந்துரோட்டான்:
அந்தக் காலத் தேடுதளங்களில் எது சிறந்தது என்ற இந்த இழைக்கு என் கதை. 1999. சேலம் ஐந்து ரோடு பக்கம் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 40 ரூபாய். அப்பாவுக்கு உருக்காலையில் வேலை. அதைப் பற்றி இன்டர்நெட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். எந்தத் தேடுதளம் என்று சொல்ல மாட்டேன், அதன் ரசிகர்கள் இங்கேயும் இருப்பீர்கள். ஆங்கிலத்தில் ‘சேலம்’ என்று மட்டும் அடித்தேன். முதல் பக்கம் முழுக்க அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் சேலம். ஒன்றைத் தட்டினால், படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்குகிறது. முதலில் கூம்புத் தொப்பி, அப்புறம் மூக்கு, அப்புறம் துடைப்பம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “இது யாருடா, நம்மூர்ல?” என்றார். பக்கத்துக் கேபினில் குபீரென்று சிரிப்பு. 1692இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி அந்த ஊரில் 19 பேரைத் தூக்கிலிட்ட கதையெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்பா அதற்குப் பிறகு சென்டர் படி ஏறவே இல்லை.

மஞ்சக்குட்டை காப்பி:
எங்கள் தோட்டத்தில் அரபிகா செடிகள் இலை பழுத்து வாட ஆரம்பித்த வருஷம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அஸ்தம்பட்டி சென்டருக்கு வந்து, ‘காபி’, ‘போரர்’ என்று இரண்டே சொல் போட்டேன். வந்ததெல்லாம் காய்த்துளைப்பான். எங்களுக்கு வந்திருந்தது தண்டைக் குடையும் வண்டு, வெள்ளைத் தண்டுத்துளைப்பான். சென்டர் பையன்தான், “முழுப்பேரையும் மேற்கோள் குறிக்குள்ள போடுங்கண்ணா” என்று ஆல்டாவிஸ்டா என்ற தேடுதளத்தில் போட்டுக் காட்டினான். நாலைந்து பக்கம்தான் வந்தது. அதில் ஒன்றில் பட்டை மேடு மேடாகப் புடைத்த தண்டின் படம். எங்கள் செடியேதான்!

காப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிழல் மரத்தை ஒட்ட வெட்டாதீர்கள், இந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும். தேங்காய் நார்க் கையுறையால் தண்டைத் தேய்த்து, உரிந்து நிற்கும் பட்டையை எடுத்துவிடுங்கள். அதன் இடுக்கில்தான் முட்டை வைக்கும். வண்டு பறக்கும் காலம் ஏப்ரல்-மே, அப்புறம் அக்டோபரிலிருந்து டிசம்பர். அதற்கு முன்னால், மார்ச்சிலும் செப்டம்பரிலும் செடி செடியாகப் பார்த்து, புடைப்பு இருந்தால் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பாவம் பார்த்து ஒன்றை விட்டால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

பழைய லேப்:
காப்பி அண்ணா, இது தேடல் பற்றிய இழை!

ஐந்துரோட்டானுக்கு: ஒற்றைச் சொல் போட்டுவிட்டுத் தளத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. யாகூ 1994இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் ஆரம்பித்த பட்டியல். ஆட்கள் உட்கார்ந்து தளங்களை வகை பிரித்து அடுக்கினார்கள். பட்டியலில் இருந்தால் நல்ல தளமாக இருக்கும், இல்லையென்றால் இல்லவே இல்லை. 1995 டிசம்பரில் டிஜிட்டல் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி விட்ட ஆல்டாவிஸ்டா நேர் எதிர்: எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும், வரிசைப்படுத்துவதில்தான் கோட்டைவிடும். பக்கத்தில் சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்கு அப்போது ரொம்ப மதிப்பு. அதனால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை நூறு தடவை எழுதி ஏமாற்றினார்கள். 1998இல் வந்த கூகுள், ஒரு பக்கத்தை எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிறவர்களுக்கு என்ன மதிப்பு என்று பார்த்தது. கல்லூரி லேப்பில் மூன்றிலும் ‘சேலம் மாம்பழம்’ போட்டுப் பார்த்தோம். மல்கோவா பற்றி உருப்படியாக ஒரு பக்கம் மூன்றாவதில்தான் கிடைத்தது. உங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு மைனஸ் குறி. சூனியக்காரிக்கான ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் போட்டிருந்தால் அவள் வந்திருக்கவே மாட்டாள்.

செவ்வாய்ப்பேட்டை:
ஆங்கிலத்திலேயே சுற்றுகிறீர்களே. நான் தமிழில் தேடினேன். ஒரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்முன்னால் இருக்கும் ‘ஏற்காடு’ என்ற சொல்லை அப்படியே எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். பெட்டியில் விழுந்தது ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த ஏதோ கிறுக்கல். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஃபான்ட், ஒவ்வொரு ஃபான்டுக்கும் ஒரு குறியீடு. ஒரே ஏற்காடு நாலு தளத்தில் நாலு கிறுக்கல். இதில் எந்தத் தேடுபொறி சிறந்தது என்று எப்படிச் சொல்வது? எல்லாத் தளத்துக்கும் ஒரே குறியீடாக யூனிகோடு புழக்கத்துக்கு வந்த பிறகுதான் எனக்கெல்லாம் இந்தப் போட்டியே ஆரம்பித்தது.

ஐந்துரோட்டான்:
பழைய லேப், அந்த மைனஸ் குறியை அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே சாமி. அப்பாவுக்கு இப்போது 78. டிவியில் எவளாவது துடைப்பத்தில் பறந்தால், “டேய், உங்க சேலத்துக்காரி வந்துட்டா பாரு” என்று இன்னும் கூப்பிடுகிறார்.