"அசல் மேய்ன் கூன்" என்கிறார்கள், பேப்பர் இல்லை: எதைப் பார்த்து நம்புவது?

சாம்பல்வால்:
சென்னையில் நான்கு மாதக் கடுவன் பூனைக்குட்டி ஒன்றை மேய்ன் கூன் இனம் என்று சொல்லி விலை பேசுகிறார்கள். காது நுனியில் முடிக்கொத்து இருக்கிறது, வால் புசுபுசுவென்று பெரிதாக இருக்கிறது. பதிவுச் சான்று கேட்டால் "தாய் தகப்பன் போட்டோ இருக்கு சார்" என்ற பதில்தான். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கும் பூனையும் சேர்ந்து பிறந்த இனம் என்கிறார்களே, அது நிஜமா? வீட்டில் ஏற்கெனவே நாய் உண்டு. முடி, நோய் பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடுவன்:
முதலில் ரக்கூன் கதையை முடித்துவிடலாம். ரக்கூன் வேறு குடும்பம், பூனை வேறு குடும்பம். இரண்டும் கலந்து குட்டி பிறக்காது. பழுப்பு வரிவாலைப் பார்த்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத் கப்பலில் அனுப்பிய பூனைகள் என்பதும் அதே ரகம்தான். கப்பல்களோடு வந்த நீள்முடிப் பூனைகளும் உள்ளூர்ப் பூனைகளும் கலந்து, அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் குளிரில் தாக்குப்பிடித்தவை நிலைத்தன என்பதுதான் ஏற்கத்தக்க விளக்கம். 1895இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் பரிசு வாங்கியது கோசி என்ற மேய்ன் கூன் பெட்டை. அப்புறம் பெர்சியன் மோகம் வந்ததும் இதை யாரும் சீந்தவில்லை. 1950களில் இனமே அழிந்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். மீட்டெடுத்து, 1976இல்தான் சிஎஃப்ஏ என்ற அமெரிக்கப் பூனை வளர்ப்போர் சங்கம் சாம்பியன் போட்டிகளில் சேர்த்தது. 1985 முதல் மேய்னின் மாநிலப் பூனை.

இப்போது உங்கள் குட்டி. முடி நீளம் எதற்கும் ஆதாரம் இல்லை. அது ஒடுங்கு மரபணு, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். இரண்டு தெருப்பூனைகளுக்கே நீள்முடிக் குட்டி பிறக்கலாம். காது நுனிக் கொத்தும் அப்படித்தான். பக்கவாட்டில் முகத்தைப் பாருங்கள்: நெற்றியிலிருந்து மூக்கு மெல்லக் குழிந்து இறங்க வேண்டும், நடுவில் வெட்டு, அதாவது திடீர்ப் பள்ளம், விழக்கூடாது. வெட்டு விழுந்து மூக்கு சப்பையாக இருந்தால் பெர்சியன் கலப்பு. நேர்கோடாக இறங்கி முகம் முக்கோணமாக இருந்தால் நார்வே காட்டுப் பூனையின் சாயல். முன்னாலிருந்து பார்த்தால் மேய்ன் கூனின் வாய்ப்பகுதி சின்னப் பெட்டியை ஒட்டவைத்தது போலச் சதுரமாகத் தெரியும். வாலை முதுகோடு மெதுவாக மடக்கினால் நுனி தோள்பட்டையைத் தொட வேண்டும். பெர்சியனுக்கு உடம்பெங்கும் முடி ஒரே நீளம். இதற்குத் தோளில் குட்டையாகவும் வயிற்றிலும் பின்தொடையிலும் நீளமாகவும் இருக்கும். இதெல்லாம் இருந்தாலும் சாயல் என்று சொல்லலாம், அவ்வளவே. சங்கப் பதிவுச் சான்று இல்லாமல் இன விலை கொடுக்காதீர்கள்.

"15 கிலோ வரும்" என்பார்கள். கடுவன் 6 முதல் 8 கிலோ, பெட்டை 4 முதல் 5.5 கிலோ, அதுதான் வழக்கம். முழு வளர்ச்சிக்கு 3 முதல் 5 வருடம் ஆகும்.

சீப்புக்காரி:
முடிக்கு வாரம் இரண்டு முறை போதும், ஆனால் வேர் வரை வார வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மேலாகத் தடவினால் பளபளவென்று இருக்கும். அடிமுடியில் சிக்கு கட்டிக்கொண்டே போகும். ஸ்டீல் சீப்பில் அகலப் பல் முதலில், நெருங்கிய பல் பிறகு. சிக்கு பிடிக்கும் இடங்கள்: அக்குள், வயிறு, காதுக்குப் பின்புறம், பின்தொடை. இடது கையால் முடியின் வேர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வாருங்கள்; தோல் இழுபடாது, கடியும் வாங்க வேண்டாம்.

சிக்கு விழுந்துவிட்டால் கொஞ்சம் கார்ன்ஃப்ளோர் மாவு தூவி விரலால் பிரியுங்கள். டால்கம் பவுடர் வேண்டாம், நக்கிவிடும். கத்தரிக்கோலைத் தொடவே கூடாது. சிக்கோடு தோலும் மேலே எழும்பி நிற்கும், பூனைத் தோல் காகிதம் போல. ஒரே வெட்டில் கிழிந்துவிடும். சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் செருகி, அதற்கு மேலே டிரிம்மர் ஓட்டுங்கள். குளிப்பாட்டிவிட்டு வாரலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். தண்ணீர் பட்டால் சிக்கு கம்பளி போல இறுகிவிடும், வாரிய பிறகே குளியல்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள்: தரை துடைக்கப் பினாயில் வேண்டாம். வயிற்று முடியும் விரலிடுக்கு முடியும் தரையைத் துடைத்துக்கொண்டே போகும், பிறகு அதை நக்கும். பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது.

மதில்மேல்:
குணத்தில் சாது. "நாய் மாதிரி" என்ற விளம்பரத்தில் பாதி உண்மை: அறைக்கு அறை பின்னாலேயே வரும், மடியில் படுக்காமல் பக்கத்தில் உட்காரும். மியாவை விடக் கிரீச்சென்ற குருவிக் குரல்தான் அதிகம். தண்ணீர்க் கிண்ணத்தில் கையை விட்டு அளையும், அகலமான கனமான கிண்ணம் வையுங்கள். நாளெல்லாம் ஆளில்லாத வீட்டுக்கு இது சரிப்படாது.

நாயோடு சேர்க்கும்போது முதல் வாரம் தனி அறை. ஒன்றின் துண்டை மற்றதன் படுக்கையில் போட்டு வாசனை பழக்குங்கள். பிறகு கதவிடுக்கு வழியாக, அதன்பின் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. கடை மணல் தட்டு இதற்குச் சிறிது. உடம்பு உள்ளே, பின்பக்கம் வெளியே என்று விளிம்பில் சிறுநீர் போகும். சுமார் 75 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டி வாங்கி ஒரு பக்கம் 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிடுங்கள்.

மருந்துச்சீட்டு:
நோயில் முக்கியமானது இதயத் தசை தடிப்பது, ஹெச்சிஎம். இந்த இனத்தில் எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் வரும் பிழையை 2005இல் கண்டறிந்தார்கள். பெற்றோர் இருவரின் சோதனை முடிவையும் கேளுங்கள். தாய்வழி, தகப்பன்வழி என மரபணுவின் இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால் ஆபத்து மிக அதிகம். "நெகட்டிவ்" என்றால் நோயே வராது என்று அர்த்தமில்லை. இனப்பெருக்கப் பூனைகளுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: தூங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடக் கணக்கு தொடர்ந்து 30ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து இரைத்தால் "வெயில்" என்று சென்னையில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெயிலாக இருந்தாலும் இதயமாக இருந்தாலும் அது அவசரம்தான். பின்னங்கால் திடீரென விழுந்து சில்லிட்டால் ரத்தக்கட்டி, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

பால்சோறு வைத்து வளர்க்காதீர்கள். இறைச்சியில் உள்ள டாரின் என்ற சத்து குறைந்தால் இதயம் தடிக்காமல் விரிந்து தளரும், பார்வையும் போகும். இது வேறு நோய், டாரின் கொடுத்தால் இதயம் பெரும்பாலும் தேறும், போன பார்வை திரும்பாது. ஹெச்சிஎம்மில் இதயம் அப்படித் தேறாது.

சாம்பல்வால்:
நன்றி. ஞாயிற்றுக்கிழமை குட்டியைப் பார்க்கப் போகிறேன். அங்கேயே சோதிக்க ஏதாவது உண்டா?

மருந்துச்சீட்டு:
உண்டு. நான்கு மாதம் என்பது சரியான வயது. எஸ்எம்ஏ என்ற தண்டுவட நரம்பு நோய் இந்த இனத்தில் உண்டு, 3 முதல் 4 மாதத்தில்தான் தெரியத் தொடங்கும். குட்டியைத் தரையில் விட்டுப் பின்னாலிருந்து பாருங்கள்: பின்னங்கால் கணுக்கால் மூட்டுகள் ஒன்றையொன்று தொடுவது போல நெருங்குகிறதா, இடுப்பு ஆடுகிறதா, நிற்கையில் நடுங்குகிறதா? நாற்காலி உயரத்துக்குத் தாவவையுங்கள். இறங்கும்போது தடுமாறிக் குதிக்கிறதா என்றும் பாருங்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். போன தசை திரும்பி வராது. வலி இருக்காது, வீட்டுக்குள் பல வருடம் வாழவும் செய்யும். ஆனால் அது தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.